குமுளியில் இல்லாத என் கடை

கல்பாத்தி, பாலக்காடு
பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி ஸ்ரீரஞ்சனிக்கு, உன் சித்தப்பா துரைசுவாமி தலையில் கை வைத்து ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் சித்தி சேஷம்மாளும் பாலக்காட்டு வெயில் அனுமதிக்கிற அளவுக்கு சௌக்கியம். கோயம்புத்தூரில் நீயும், கடைக்கணக்கு எழுதும் உன் மென்பொருளும், அதைச் சம்பளம் வாங்காமல் உன்னோடு சேர்ந்து எழுதுகிற பல தேசத்துப் புண்ணியவான்களும் அவ்வாறே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நேற்றுத்தானே போனில் பேசினோம், எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ “சரி சித்தப்பா, சரி சித்தப்பா” என்று சொல்லி முடித்துவிடுகிறாய். இணையத்தில் நீங்கள் வைத்திருக்கும் பிழைப் பலகையில் எழுதலாம் என்றால் அது பொதுக்குழாயடியாக இருக்கிறது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் உள்ளே திறந்து பார்க்கலாம் என்று மென்பொருளை வைத்தவர்கள், பிழைகளையும் அப்படியே ஊரறிய வைத்திருக்கிறீர்கள். நான் முதல் பிழையை எழுதியபோது முறைப்படி க்ஷேமம் விசாரித்து ஆரம்பித்தேன். பிரேசிலிலிருந்து ஒருவர், தானும் க்ஷேமமே என்றும், பிழை வருவதற்கு முன்னால் நான் செய்ததையெல்லாம் வரிசையாகத் தெரிவிக்கும்படியும் பதில் போட்டார். எழுந்தது, பல் தேய்த்தது, காப்பி குடித்தது, காப்பியில் சர்க்கரை போதாமல் போனது, அதைப் பற்றிச் சித்தியிடம் சொன்னது, சித்தி சொன்ன பதில், பிறகு கம்ப்யூட்டரைத் திறந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். அதற்குக் கீழே உலகத்தார் பலர் சிவப்பு இதயம் போட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த விஷயத்தை அங்கே எழுதுவதாக இல்லை. இது குடும்ப விஷயம்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஓர்மை இருக்கும். “சித்தப்பா, வெளியிடறதுக்கு முன்னாடி நீங்க இதைக் கொஞ்ச நாள் உபயோகிச்சுப் பாருங்கோ. நீங்க தொட்டு உடையலைன்னா வேற யார் தொட்டாலும் உடையாது. நிஜக் கணக்கெல்லாம் வேண்டாம். வெறுதே, சும்மா மனசுல தோணினதைப் போட்டாப் போரும்” என்று நீதான் சொன்னாய். என் சர்வீஸ் முழுவதும் வாளையாரில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் போயிற்று. லாரி வரும், மூட்டை இறங்கும், மூட்டை ஏறும், நான் கையெழுத்துப் போடுவேன். அதில் ஒரு மூட்டையும் என்னுடையது இல்லை. அப்படிப்பட்டவனிடம் உன் மென்பொருள், திறந்ததும் திறக்காததுமாக, ‘உங்கள் நிறுவனத்தின் பெயர் என்ன?’ என்று கேட்டது. ரஞ்சனி, அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்தக் கட்டத்துக்குள் மினுக்கிக்கொண்டிருந்த சின்னச் செங்குத்துக் கோட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, ‘துரைசுவாமி அண்ட் கம்பெனி, ஏலக்காய் மொத்த வியாபாரம், குமுளி’ என்று அடித்தேன்.

ஏன் குமுளி என்று கேட்பாய். அங்கே நான் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறேன், அதுவும் போனேன் என்று சொல்ல முடியாது. கம்பத்துக்கு இறங்குகிற பஸ் டீ குடிக்க நின்றது. பனி கவிந்து எதிர்ச்சாரிக் கடைகள் ஒன்றும் தெரியவில்லை. ஏலக்காய் வாசனை மட்டும் வெள்ளையான எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. அந்த வாசனைக்குப் பின்னால் ஒரு கடை இருக்கும், அதில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றிற்று. எழுந்து அந்தப் பக்கம் நடக்கலாமா என்று நினைப்பதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார். உன் மென்பொருள் என்னைக் கேட்டபோது அந்த நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருந்தது. போய் உட்கார்ந்துகொண்டேன்.

கடை என்றால் ஆள் வேண்டும் அல்லவா? ‘பணியாளர்’ என்று ஒரு பக்கம் வைத்திருக்கிறாய். கணக்குக்கு ஷீனா. சுறுசுறுப்பான பெண், ஆனால் மத்தியானம் ஆனால் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நானும் கண்டுகொள்வதில்லை. ஜீப்புக்கு ஜோஜோ. சரக்கைத் தரம் பிரித்து மூட்டை கட்டச் சோலை. சோலைக்கு வயதாகிவிட்டது, தலையில் எப்போதும் ஒரு துண்டு. நான் இவர்களுடைய பெயரையும் வேலையில் சேர்ந்த தேதியையும் மட்டும்தான் அடித்தேன். துண்டும் மழையும் தாமாகவே வந்து சேர்ந்தன. காலையில் நான் கம்ப்யூட்டரைத் திறந்தால் இங்கே தெருவில் தார் உருகிக்கொண்டிருக்கும், அங்கே ஜோஜோ ஜீப்பின் விளக்கைப் போட்டுக்கொண்டு பனிக்குள்ளிருந்து மெதுவாக வருவான். ஒரு நாள் உன் சித்தி மோர் கொண்டுவந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“ஏன்னா, இந்த வெயில்ல எதுக்காக்கும் ஸ்வெட்டர்?”

“மலையில பனி” என்றேன்.

“எந்த மலையில?”

நான் திரையைக் காட்டினேன். அதில் கையிருப்புக் கணக்குத்தான் இருந்தது. சித்தி அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “சாரமில்லை, இருக்கட்டும். உள்ள ஒரு பனியனும் போட்டுக்கோங்கோ, வேர்க்கும்” என்று சொல்லி மோரை வைத்துவிட்டுப் போனாள். உன் சித்தியிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். பாதிக் கேள்வியோடு நிறுத்திக்கொள்வாள்.

பிறகுதான் விடுப்பு விஷயம் வந்தது. பணியாளர் விடுப்புக் கேட்பதையும் முதலாளி அதை நிராகரிப்பதையும் சோதிக்க வேண்டும் என்று நீ எழுதி அனுப்பியிருந்தாய். சோலையின் பெயரில் நானே உள்ளே போய் விடுப்புக் கேட்டேன். காரணம் எழுதாமல் விண்ணப்பம் நகரவில்லை. ‘மூணாறில் டீ ஃபாக்டரியில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்க’ என்று எழுதினேன். வெளியே வந்து முதலாளியாகி நிராகரித்தேன். அமுக்கின மாத்திரத்தில், “மொதலாளி, புள்ளயப் பாத்து வருசமாச்சு, போயிட்டு ஓடியாந்துருதேன்” என்று சோலை சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. அன்றைக்கு எனக்குச் சாதம் இறங்கவில்லை. மறுநாள் அனுமதிக்கலாம் என்று பார்த்தால், ஒருமுறை நிராகரித்த விடுப்பை மறுபடி அனுமதிக்க உன் மென்பொருளில் வழியே இல்லை! கல் நெஞ்சுக்காரர்கள்தான் இப்படி எழுதுவார்கள் என்று பிழைப் பலகையில் கோபமாகவே எழுதினேன். பிரேசில்காரர் என் பக்கம். எல்லோரும் கூடிப் பேசி, நான் சொல்வது நியாயம் என்று ஒப்புக்கொண்டு, அதைத் திருத்துவதற்காக வெளியீட்டை ஒரு வாரம் தள்ளி வைத்தீர்கள். சோலை மூணாறுக்குப் போனான்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. பிழை இருக்கும்வரை வெளியீடு இல்லை. வெளியீடு இல்லாதவரை என் கடை இருக்கும். ஏனென்றால் நான் கடை வைத்திருப்பது உங்கள் சோதனைத் தளத்தில். வெளியீடு ஆனதும் அதைச் சுத்தமாகத் துடைத்துவிடுவது உங்கள் வழக்கம் என்று அமர்நாத் சொன்னான். உன் தம்பிக்கு இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் சொல்ல வரும். அதற்கப்புறம் நான் பிழை தேடின மாதிரி யாரும் தேடியிருக்க மாட்டார்கள். கழித்தல் குறி போட்டு ஏலக்காய் விற்றால் கடை வாடிக்கையாளருக்குப் பணம் கொடுத்தது. அதைப் பிடித்தேன். கடையின் பெயரை மிக நீளமாக வைத்தால் பில்லில் தொகையைத் தள்ளிவிட்டுப் பெயர் வந்து உட்கார்ந்தது. அதையும் பிடித்தேன். நீ ‘அப்பழுக்கில்லாத சோதகர்’ என்று என்னைப் பாராட்டி ஊரறிய எழுதினாய். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நடுவில் நாள் பார்த்ததும் உனக்கு மறந்திருக்காது. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வெளியிடுவதாகச் சொன்னாய். ராகுகாலம், கூடாது என்றேன். “ஐயோ சித்தப்பா, வெள்ளிக்கிழமையே கூடாது, நான்தான் மறந்துட்டேன். வெள்ளிக்கிழமை வெளியிட்டா சனி ஞாயிறு பூரா உடைஞ்சதை ஒட்டிண்டு உக்காரணும். எங்காத்து சாஸ்திரம் அது” என்றாய். உங்களுக்கும் சாஸ்திரம் உண்டு என்று கேட்டு எனக்குப் பரம சந்தோஷம். செவ்வாய் என்றாய், செவ்வாயில் யார் கடை திறப்பார்கள் என்றேன். இப்படியே ஒரு வாரம் ஓடிற்று. அந்த வாரம் குமுளியில் நல்ல மழை.

இதற்கிடையில் ஒரு விஷயம் நடந்தது. இதைச் சித்தியிடம் சொல்ல வேண்டாம். வாடிக்கையாளர்கள் தாங்களே வந்து பதிந்துகொண்டு ஆர்டர் போடவும் பில்லைக் கட்டவும் புதிதாக ஒரு வாசல் வைத்திருக்கிறாயே, அதன் வழியாக ஒருநாள் ‘நர்மதா ஸ்டோர்ஸ், கம்பம்’ என்று ஒரு பார்ட்டி வந்தது. நான் உண்டாக்கின பார்ட்டி இல்லை. உன்னுடைய சோதகர்களில் யாரோ ஒருத்தி, எந்த ஊரோ, என்ன பாஷையோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் தமிழில்தான் எழுதினாள். ‘போன தடவை வந்த காய் வெளுத்திருந்தது. நல்ல பச்சைக் காய் இருந்தால் மட்டும் அனுப்பவும்’ என்று எழுதியிருந்தாள். அதற்குமுன் அவளுக்கு எதுவும் அனுப்பினதில்லை என்பதையே மறந்து, நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டு, சோலை ஊரில் இல்லாததால் ஷீனாவைக் கொண்டு கை பொறுக்காகப் பொறுக்கி அனுப்பினேன். ‘இது பரவாயில்லை’ என்று பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் அன்று முழுவதும் ஆற்றங்கரையில் நடந்தேன். ரிடையர் ஆன பிறகு என் வேலையில் இவ்வளவு அக்கறையாகக் குறை கண்டவர் வேறு யாருமில்லை. பேரம் பேசுவாள், மழை எப்படி என்று கேட்பாள், ஜோஜோவை மலை வளைவில் நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள் என்பாள். எல்லாவற்றுக்கும் மேலே நாணயம். பில் போன சூட்டோடு ‘செலுத்தப்பட்டது’ என்று பச்சையாக வந்துவிடும். அவள் யாரென்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது சோதனை என்று ஆகிவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிழைகள் அத்தனையும் தீர்ந்தன, வருகிற புதன்கிழமை வெளியீடு, அன்றைக்கே சோதனைத் தளம் துடைக்கப்படும் என்று அறிவிப்புப் போட்டுவிட்டாய். நேற்றுப் போனில் மெதுவாக ஆரம்பித்தேன். “அது வெறும் டெஸ்ட் டேட்டாதானே சித்தப்பா” என்றாய். எனக்குத் தெரியாதா? ஏப்ரல் பிறப்பதற்குள் வராவிட்டால் காத்திருக்கும் சின்னச் சின்னக் கடைக்காரர்கள் எல்லாம் புது வருஷக் கணக்கைப் பழையதில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை என்று இரண்டு தரம் எழுத வேண்டிவரும், அவர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நீ தூக்கமில்லாமல் இருக்கிறாய் என்பதும் தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப் போடு. சோலை இன்னும் மூணாறிலிருந்து திரும்பவில்லை. அவன் வந்து பார்க்கும்போது கடை இருந்த இடத்தில் வெறும் பனியாக இருந்தால் என்ன நினைப்பான்? நர்மதாவின் சரக்கோடு ஜோஜோ மலை இறங்கிக்கொண்டிருக்கிறான். பாதி வழியில் ரோடே இல்லாமல் போகலாமா? நியாயமாக நான் ஒரு பிழையைக் காட்டித்தான் இதைக் கேட்க வேண்டும். மூன்று நாளாகத் தேடுகிறேன். எதை அமுக்கினாலும் சரியாக நடக்கிறது. அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாய். எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, அழுகையாகவும் வருகிறது.

கிழவனுக்கு வேறு வேலை இல்லை என்று உனக்குத் தோன்றினால் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதனன்றே வெளியிடு. காலை ஏழரைக்குள் செய், நல்ல நேரம். அண்ணா மன்னிக்கு என் நமஸ்காரம். அமர்நாத்துக்கு ஆசீர்வாதம், கொஞ்சம் குறைவாகச் சிரிக்கச் சொல். பிரேசில்காரருக்கு என் அன்பு. நீ கை வைக்கிற காரியமெல்லாம் உடையாமல் ஓடி, தீர்க்காயுசோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
துரைசுவாமி
(துரைசுவாமி அண்ட் கம்பெனி, குமுளி)

பின்குறிப்பு: ரஞ்சனி, இது சித்தி எழுதறேன். தபால்ல சேர்க்கச் சொல்லிக் குடுத்துட்டு இவர் நடக்கப் போயாச்சு. கவரை ஒட்டலை, படிச்சுட்டேன். கம்பத்து நர்மதா நானாக்கும். அமர்நாத் இங்க வந்தப்போ, “சித்தப்பா கடையில வியாபாரமே இல்லை, நீங்களாவது வாங்குங்கோ”ன்னு சொல்லி என் போன்ல அந்த வாசலைத் திறந்து குடுத்தான். அடுக்களையில உக்காந்துண்டு வெறுதே ஆரம்பிச்சேன். ஆத்துல நாள் முழுக்க ரெண்டு வார்த்தை பேசாத மனுஷர், நர்மதாவுக்குப் பக்கம் பக்கமா எழுதறார். அது கிடக்கட்டும். நீ புதன்கிழமை வெளியிடாதே. இவர் கெஞ்சறதுக்காக இல்லை. பில்லுக்குக் கீழே ‘கட்டியாச்சு’ன்னு ஒரு பொத்தான் வச்சிருக்கே. கையில பைசா இல்லாம சும்மா அமுக்கிப் பார்த்தேன், பச்சை ஆயிடுத்து. பாங்கை ஒரு வார்த்தை கேக்கலை உன் மென்பொருள். அன்னிலேர்ந்து இவர் கடையில வாங்கினது அத்தனைக்கும் நான் காலணா கட்டலை. கடை முழுகி நாளாச்சு, முதலாளிக்குத் தெரியாது. நாணயமான பார்ட்டின்னு எழுதியிருக்கார், படிக்கறச்சே எனக்கே வெக்கமாப் போச்சு. இதை இப்படியே வெளியில விட்டா ஊர்ல இருக்கற கடைக்காராள்ளாம் தெருவுல நிப்பா. சரிபண்ணிட்டு விடு. ஆனா அவசரம் ஒண்ணும் இல்லை, சாவகாசமாப் பண்ணு. எனக்கு இன்னும் கொஞ்சம் ஏலக்காய் வாங்கணும்.