ஈரச் சாக்ஸும் பத்து நாள் லீவும்

"கார்பனா, அலுமினியமா?" என்று மேனேஜர் கேட்டார்.

புகார் சார் லீவு லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பதினாலாம் தேதியிலிருந்து பத்து நாள் லீவு வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்கு இப்படி ஒரு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

"என்னது சார்?"

"டிரைபாட். கேமராவை மேல மாட்டற மூணு கால் ஸ்டாண்டு. டூருக்கு எடுத்துட்டுப் போக எது நல்லது? உங்க மேஜையில கேமரா புஸ்தகம் பார்த்தேனே, உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

தெரியாதுதான். லிஃப்ட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினொரு வருடம் உட்கார்ந்திருப்பவருக்கு, இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு போன் செய்கிறவர்களிடம் "பதறாதீங்க, ஆள் கிளம்பிட்டாங்க" என்று சொல்லத் தெரியும். ஆள் கிளம்பியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குரலில் தெம்பு இருந்தால் போதும். அதே தெம்போடு சொன்னார்.

"கார்பன்தான் சார். அலுமினியம் குளிர்ல சுருங்கிடும்."

மேனேஜர் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார்.

"சார், லீவு..."

"இப்போ போய் லீவா? நீங்க இல்லைன்னா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. இந்த டூர் விஷயம் முடியட்டும், பார்க்கலாம்."

புகார் சாருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மேனேஜரும் டூர் போகிறார். அவர் மூட்டை கட்டி முடிக்கும் வரை தன்னை விடமாட்டார். அப்படியானால் மளமளவென்று கட்டி முடிக்க வைத்துவிட வேண்டியதுதான்.

வீட்டில் மனைவி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கையெழுத்துப் போட்டாரா?"

"போட்ட மாதிரிதான்."

"போட்டாரா, போட்ட மாதிரியா?"

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இருவரும் சேர்ந்து போன நீண்ட பயணம் பல் டாக்டரிடம் போனதுதான். ஒவ்வொரு வருடமும் மலைக்குப் போகலாம் என்பார். ஒவ்வொரு வருடமும் எங்காவது ஒரு லிஃப்ட் நின்றுவிடும்.

"பதினாலாம் தேதி ரயில்ல நான் ஏறத்தான் போறேன். நீங்க வரலைன்னா உங்க சீட்டுல எங்க அக்கா உட்காருவா" என்றாள்.

வெறும் மிரட்டல் இல்லை. அக்கா புதுப் பெட்டி வாங்கிவிட்டதாகத் தகவல் வந்திருந்தது. இவள் மலையை முதல்முதலாகப் பார்க்கும்போது பக்கத்தில் தான் நிற்க வேண்டும், அந்த முகத்தைப் படம் பிடிக்க வேண்டும். கேமரா வாங்கியதே அதற்குத்தான். அந்த இடத்தில் அவள் அக்கா நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

போனை எடுத்தார். பயணப் படம் எடுப்பவர்களின் குழு ஒன்றில் அவர் ஒரு மாதமாக இருக்கிறார். நானூறு பேர். ஒருவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. புகார் சாரின் பெயர் ஊர்சுற்றி. எங்கும் போகாதவருக்கு அந்தப் பெயரில் ஒரு ஆறுதல். குழுவில் மலைக்கழுகு என்று ஒருவர் இருந்தார். அவர் சொன்னால் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். தன் பயணத்துக்காக ஊர்சுற்றி முந்தாநாள் கேட்டிருந்த கேள்விக்கு அன்று மாலை கழுகின் பதில் வந்திருந்தது.

"கார்பனே உத்தமம். குளிரில் அலுமினியம் சுருங்கும். மலை யாருக்காகவும் சுருங்காது."

புகார் சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். குருட்டாம்போக்கில் சொன்னது சரியாகிவிட்டது! தனக்குள் இத்தனை ஞானம் இருப்பது இத்தனை நாள் தெரியவில்லையே என்று கொஞ்சம் வருத்தப்பட்டார்.

இனி முன்னெச்சரிக்கையாக இருக்க வேண்டும். மேனேஜர் அடுத்து எதைக் கேட்பார்? சந்தேகப் பிராணி, காற்றைப் பற்றித்தான் கேட்பார். உடனே குழுவில் போட்டார்: "மலைக்காற்றில் டிரைபாட் ஆடினால் என்ன செய்வது?"

"நாளை விரிவாகச் சொல்கிறேன்" என்றது கழுகு.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டார். "அது சரி, காத்துல ஆடினா?"

புகார் சார் மனதுக்குள் தன் முதுகில் தட்டிக்கொண்டார். பதினொரு வருட அனுபவம், மேனேஜரின் மூளை எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியாதா? ஆனால் கழுகின் பதில்தான் இன்னும் வரவில்லை. வெளியே அவர் மேஜையில் போன் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"சாக்ஸ் சார்" என்றார்.

"சாக்ஸா?"

"ஈரச் சாக்ஸ். மூணு காலுக்கும் மாட்டிட்டா அசையாது."

"அட!" மேனேஜர் எழுதிக்கொண்டார்.

மாலையில் கழுகு எழுதியிருந்தது: "மூன்று கால்களுக்கும் ஈரச் சாக்ஸ் மாட்டுக. இது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. பட்டுத் தெரிந்துகொண்டது."

அதற்கு நாற்பத்திரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். புகார் சார் ஆபீஸ் சாக்ஸ் இரண்டோடு கிழிந்த சாக்ஸ் ஒன்றையும் நனைத்து, கழுகு சொன்னபடி வாங்கிய புது டிரைபாடுக்கு மாட்டி மொட்டைமாடியில் நிறுத்தினார். கேமராவை மேலே மாட்டும் தைரியம் வரவில்லை. சின்னக் காற்று ஒன்று வந்தது. டிரைபாட் வழுக்கிக்கொண்டே தண்ணீர்த் தொட்டி வரை போய்ச் சாய்ந்தது.

"அது என்னங்க, தானா நடக்குது?" என்றாள் மனைவி.

"மலைக்காத்துல நிக்கும். கழுகு சொல்லியிருக்கார்."

"கழுகுக்கு எதுக்குங்க சாக்ஸ்?"

புகார் சார் டிரைபாடைத் தூக்கி நிறுத்தினார். அன்றே லென்ஸ் கேள்வியையும் குழுவில் போட்டு வைத்தார். மறுநாள் மேனேஜர் லென்ஸுக்கு வந்து சேர்ந்தார்.

"மலையை எடுக்க வைடா, ஜூமா?"

"கிட்ட இருந்தா வைட் சார், அகலமா விழும். தூரத்துல இருந்தா ஜூம், இழுத்துக்கும்."

"ரெண்டும் இல்லாம நடுவுல இருந்தா?"

"நடந்து கிட்ட போயிடணும் சார்."

மேனேஜர் பேனாவை வைத்துவிட்டு அவரை மரியாதையோடு பார்த்தார். புகார் சார் லெட்டரை லேசாக நீட்டினார். மேனேஜர் அதை வாங்கி, மடித்து, புகார் சாரின் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டார்.

"உங்களை மாதிரி ஒரு ஆளை இந்த நேரத்துல எப்படிங்க வெளியூர் அனுப்புவேன்?"

"கால்களே முதல் லென்ஸ். நட!" என்றது அன்று மாலை கழுகு. படித்தபோது புகார் சாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மனைவியிடம் வாசித்துக் காட்டினார்.

"நடக்கணும்னு எனக்கே தெரியும். லீவு என்னாச்சு?"

இப்படியே நாட்கள் ஓடின. மழையில் லென்ஸை எதில் சுற்றுவது, பனியில் மூச்சை எந்தப் பக்கம் விடுவது, ஆடு குறுக்கே வந்தால் என்ன செய்வது என்று புகார் சார் ராத்திரிக்குள் யோசித்துக் குழுவில் கேட்டு வைப்பார். மேனேஜர் காலையில் கச்சிதமாக அதையே கேட்பார். நல்லவேளை கேட்டு வைத்தோம் என்று புகார் சார் நினைத்துக்கொள்வார். நாளுக்கு நாள் மேனேஜரின் கண்ணுக்குக் கீழே கறுப்பு ஏறியது. பாவம், டூர் கவலை.

பன்னிரண்டாம் தேதி மாலை புகார் சார் ஒரு முடிவுக்கு வந்தார். மேனேஜர் வாழ்நாளில் கேட்கக்கூடிய எல்லாக் கேள்விகளையும் ஒரே மூச்சில் தீர்த்துவிட வேண்டும். மனிதர் திருப்தியாகக் கிளம்பட்டும். ஊர்சுற்றி பெயரில் முப்பத்தேழு கேள்விகளை வரிசையாக எழுதிக் குழுவில் போட்டார். கழுகிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பதின்மூன்றாம் தேதி காலை மேனேஜர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். எதிரில் முழுத்தாள் இரண்டு, இரண்டு பக்கமும் எழுதி.

"சார், நாளைக்கு எனக்கு ரயில். அவளை நான் கூட்டிட்டுப் போயே ஆகணும் சார். பன்னிரண்டு வருஷமா சொல்லிட்டே இருக்கேன்" என்றார் புகார் சார். குரலில் தெம்பு இல்லை.

"எனக்குப் புரியாமலா இருக்கு? ஆனா என் நிலைமை அதைவிட மோசம். உட்காருங்க, நிறைய இருக்கு."

"அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சார்" என்று புகார் சார் வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றார். மனைவிக்கு என்ன சொல்வது? அவள் அக்காவின் புதுப் பெட்டி கண்முன் வந்தது.

மேனேஜர் அறை வாசலில் கவர்களுக்கு முகவரி ஒட்டிக்கொண்டிருந்த டெஸ்பாட்ச் அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சார், இன்னைக்கும் இல்லையா?"

"அவர் டூர் கிளம்பினாத்தானேக்கா நான் கிளம்ப முடியும்? என்னைக்குத்தான் கிளம்பறாராம்?"

"யாரு, நம்ம ஐயாவா? அவர் எங்க கிளம்பறார்? அவருகிட்ட கேமராவே கிடையாது சார்" என்றாள் அக்கா. "ஏதோ போன் குரூப்புல பெரிய ஆளுன்னு பேரு வாங்கி வச்சிருக்கார். அவருக்கு போன்ல ஒரு வரிக்கு மேல டைப் அடிக்க வராது, தினம் சாயங்காலம் நான்தான் அடிச்சுக் கொடுக்கறேன். அதுல எவனோ ஊர்சுற்றியாம், கேள்வியா கேட்டு ஐயா உயிரை வாங்கறான். அந்த ஆளு டூர் கிளம்பித் தொலையற வரைக்கும் உங்களுக்கு லீவு கிடையாதாம்."