என் களைப்பும் இருபத்தெட்டு மாத்திரைகளும்

எனக்குக் களைப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லத் தெம்பு இருக்குமோ இருக்காதோ.

நான் ஒரு மருத்துவ வார இதழில் பிழை திருத்துபவன். உலகத்தின் எந்த மூலையில் எந்த டாக்டர் எந்த எலிக்கு ஊசி போட்டாலும் செவ்வாய்க்கிழமைக்குள் அது என் மேசைக்கு வந்துவிடும். இதயம், கண், சிறுநீரகம், மூட்டு, தூக்கம் என்று துறைக்கு ஒரு பக்கம். நான் ஒற்றெழுத்தைப் பார்ப்பேன், காற்புள்ளியைப் பார்ப்பேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நோய் எனக்கு வந்துவிடும். கண் பக்கம் திருத்திய வாரம் கண் எரியும். மூட்டுப் பக்கம் திருத்தினால் மாடிப்படி ஏற முடியாது. சிறுநீரகப் பக்கம் வந்த வாரம் நான் குடித்த தண்ணீருக்கு ஒரு தோட்டமே வளர்ந்திருக்கும்.

"உங்களுக்கு வர்ற வியாதியெல்லாம் பத்திரிகை கடைக்கு வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே வந்துடுது" என்பாள் என் மனைவி.

அவளும் மருத்துவ வட்டாரம்தான். பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து ஆய்வுப் பிரிவில் வேலை. புது மருந்து வந்தால் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. எது எது என்று நோயாளிக்குத் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. டப்பாக்களுக்கு எண் ஒட்டி, பட்டியலைப் பூட்டி வைத்திருப்பவள் இவள். பத்தொன்பது வருஷமாக இதே வேலை. அவள் முகத்தைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடித்துவிட முடியாது. கல்யாணமான புதிதில் அதை அடக்கம் என்று நினைத்திருந்தேன்.

பிரச்சினை சுவரில் ஆரம்பித்தது. எங்கள் வீட்டுச் சுவர்கள் தோல் உரிந்துகொண்டிருந்தன. பெயிண்டர் ஒருவர் வந்தார், தட்டிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், நாளைக்கு வருகிறேன் என்று போனார். அந்த நாளை மூன்று மாதமாக வரவில்லை.

"நாமளே அடிச்சுடலாம். நாலு ஞாயித்துக்கிழமை போதும்" என்றாள் மனைவி.

எங்கள் வீட்டில் 'நாம' என்றால் நான் ஒருவன்தான். இது நான் அனுபவத்தில் கற்றது.

எனக்கு வாரத்தில் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. ஆறு நாள் குனிந்த கழுத்து ஏழாம் நாள் தலையணையில் நிமிரும். அதையும் விட்டுக்கொடுத்தால் நான் எதற்காகச் சனிக்கிழமை வரை உயிரோடு இருப்பது? அன்று சாப்பாட்டு மேசையில் வைத்தே அறிவித்தேன். இனி என் ஆயுசுக்கும் ஞாயிற்றுக்கிழமை கட்டிலை விட்டு இறங்கமாட்டேன்.

"ஏன்?"

"களைப்பு. ஆராய்ச்சியே வந்திருக்கு. ஐம்பது தாண்டின ஆம்பளைங்களுக்கு வாரத்துல ஒரு முழு நாள் படுக்கை வேணுமாம்."

"எத்தனை பேரை வெச்சுப் பண்ணாங்க?"

நான் அந்தப் பக்கத்தில் பார்த்தது இரண்டு காற்புள்ளியும் ஒரு சந்திப் பிழையும்தான். "நூத்திச் சொச்சம்" என்றேன்.

"அதுல பொம்பளைங்க இருந்தாங்களா?"

"இது ஆம்பளைங்க ஆராய்ச்சி."

"அதான் கேட்டேன்" என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். வரவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள், கைப்பையைக் கழற்றக்கூட இல்லை.

"ஏங்க, உங்க களைப்பைப் பத்தி யோசிச்சேன். களைப்புக்கு ஒரு மாத்திரை இருக்கு. போட்ட அன்னைக்கே வேலை செய்யும். ஒரு மாசம் முறையா பரிசோதனை பண்ணிடலாம். மாத்திரை போட்ட நாள் சுறுசுறுப்பாவும், வெற்று மாத்திரை நாள் சோர்வாவும் இருந்தீங்கன்னா, உங்களுக்கு நிஜமாவே களைப்பு நோய். ஞாயிறு உங்களுக்கு. நான் எழுப்பமாட்டேன்."

"ஆயுசுக்கும்?"

"ஆயுசுக்கும்."

"இல்லேன்னா?"

"ஃபாரத்துல எழுதியிருக்கு. படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

இரண்டு பக்க ஒப்புதல் படிவம். கையால் எழுதியிருந்தாள். நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். தொழில் பழக்கம். ஐந்தாவது வரியில் ஒரு 'க்' விட்டுப்போயிருந்தது, போட்டேன். ஒன்பதாவது வரி மூச்சுவிடாமல் ஓடியது, நடுவில் ஒரு காற்புள்ளி வைத்தேன். பிறகு கையெழுத்திட்டேன். படிவம் பிழையில்லாமல் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்பது வேறு விஷயம்.

"ஆய்வுன்னா வெளியாள் ஒருத்தர் கண்காணிக்கணும். நெறிமுறைக் குழுன்னு பேரு" என்று பக்கத்து வீட்டு டைலரைக் கூப்பிட்டாள். அவர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து, குழுவாக நின்று, சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

இருபத்தெட்டு அறைகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா. அறைக்கு ஒரு வெள்ளை மாத்திரை. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். காலையில் ஒன்று போட்டுக்கொள்ள வேண்டும். சப்பக் கூடாது, தண்ணீரோடு முழுங்கிவிட வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் நோட்டில் எழுத வேண்டும், எப்படி இருந்தது, என்ன வேலை செய்தேன் என்று. எது நிஜம், எது வெற்று என்ற பட்டியலை ஓர் உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்திட்டு, பீரோ மேல் பெட்டிக்குப் பின்னால் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வைத்தாள்.

திங்கட்கிழமை அவள் எட்டு மணிக்குக் கிளம்பிவிட்டாள். எனக்கு ஆபீஸ் பத்து மணிக்கு. எட்டே காலுக்கு முக்காலி போட்டு ஏறினேன். அந்த நேரம் களைப்பாக இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உறையை எடுத்துக்கொண்டு நேராக டைலர் கடைக்குப் போனேன்.

"சார், நான் குழு" என்றார் டைலர்.

"ஆவி வர்ற இஸ்திரிப்பெட்டி இந்தத் தெருவுலேயே உங்ககிட்டதான் இருக்கு."

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? நான் ஜெயிச்சா, அதே ஆய்வை உங்க வீட்டுலயும் ஆரம்பிக்கலாம். உங்களுக்கும் ஞாயித்துக்கிழமை ஒண்ணு இருக்கு இல்ல?"

டைலர் கொஞ்ச நேரம் தைத்துவைத்த சட்டையையே பார்த்தார். அவர் மனைவி ஞாயிறுதோறும் அவரைச் சந்தைக்கு அனுப்புகிறவள். பிறகு உறையை இஸ்திரிப் பலகையில் வைத்தார். "குழுங்கிற முறையில நான் இதைப் பார்க்கல" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் மட்டும் ஆவி காட்டினார். உறை நோகாமல் திறந்துகொண்டது.

பட்டியலைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் சுருங்கியது. இருபது நாள் வெற்று. எட்டே நாள்தான் நிஜம். அந்த எட்டில் நாலு புதன், நாலு ஞாயிறு. புதன்கிழமை எங்கள் வீட்டில் படுக்கை விரிப்பு துவைக்கிற நாள். ஞாயிறு, சொல்லவே வேண்டாம்.

"என்ன சார் யோசனை?"

"நிஜ மாத்திரை நாள்ல நான் சுறுசுறுப்பா இருந்தாத்தான் ஆய்வு ஜெயிக்கும். நாலு ஞாயிறும் சுறுசுறுப்பா இருக்கணும்."

"நாலைக் கொடுத்து ஆயுசு பூராவும் வாங்குறீங்க. நல்ல கணக்குதானே."

அவர் துணி வெட்டும்போது இப்படித்தான் பேசுவார். கேட்க நன்றாக இருக்கும். போட்டுப் பார்த்தால்தான் அக்குளில் பிடிக்கும். உறையைப் பழையபடி ஒட்டி வாங்கிக்கொண்டு போய், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

முதல் நாள் வெற்று. சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தேன். இரண்டாம் நாளும் வெற்று. தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன். மனைவி நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"எப்படிங்க இருக்கு?"

"கை காலெல்லாம் எங்கேயோ இருக்கிற மாதிரி இருக்கு."

"நோட்டுல எழுதிடுங்க. நீங்க படுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்."

புதன்கிழமை நிஜ மாத்திரை. ஆபீசிலிருந்து வந்த வேகத்தில் விரிப்புகளைத் துவைத்தேன். தலையணை உறை கேட்டாளா? இல்லை. அதையும் துவைத்தேன். நோட்டில் 'அபாரமான புத்துணர்ச்சி' என்று எழுதினேன். ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதினேன்.

பிறகு ஞாயிறு வந்தது. காலை ஏழு மணிக்கே உப்புத்தாளை எடுத்துக்கொண்டு கூடத்துச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தேன். பழைய பெயிண்ட் மூக்கிலும் காதிலும் போனது. தரையில் எங்கள் பத்திரிகையின் பழைய இதழ்களை விரித்திருந்தேன். மதியத்துக்குள் இதயப் பக்கம் முழுக்க வெள்ளைச் சொட்டு. அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாத்திரை நாள் போலிருக்கே" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்? உடம்பு தானா ஓடுது" என்றேன் மேலிருந்து.

இரண்டாம் ஞாயிறு படுக்கையறை. மூன்றாம் ஞாயிறு சமையலறை, புகை படிந்த மூலை உட்பட. பெயிண்ட் உருளையைப் பிடித்துப் பிடித்துத் தோள்பட்டை என்னுடையதாகவே இல்லை. ஒரு நன்மை, திங்கட்கிழமைக்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. திங்கள்தோறும் நோட்டில் எழுதிய களைப்பு அசல் களைப்பு. 'எழுந்து உட்கார முடியவில்லை' என்று எழுதியபோது நிஜமாகவே படுத்துக்கொண்டுதான் எழுதினேன். ஆபீசில் என்னைப் பார்த்த ஆசிரியர், தூக்கப் பக்கத்தை வேறு யாரிடமாவது கொடுக்கட்டுமா என்று கேட்டார்.

நாலாவது ஞாயிறு கூரை. கழுத்தை அண்ணாந்து வைத்து ஏழு மணி நேரம். இருபத்தெட்டாவது மாத்திரை. சாயங்காலம் ஏணியை மடக்கி வைத்துவிட்டு, குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். டைலரும் வந்தார். புது வெள்ளையில் கூடம் பளீரென்று இருந்தது. நான்கு பக்கமும் நான் அடித்தது.

மனைவி பீரோ மேலிருந்து உறையை எடுத்துக் குழுவிடம் காட்டினாள்.

"ஒட்டினது பிரியல இல்ல, தம்பி?"

"பிரியலக்கா" என்றார் டைலர், அளவு நாடாவைப் பார்த்தபடி.

பிரித்தாள். பட்டியலையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். நாளுக்கு ஒரு டிக். என் ஆயுசின் ஞாயிறுகள் எல்லாம் அந்தப் பேனா முனையில் வரிசையாக நின்றன. கடைசி டிக் போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள்.

"இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு."

"பார்த்தியா? நான் சொன்னேன் இல்ல?" என்றேன்.

"பத்தொம்பது வருஷத்துல ஒரு மருந்துகூட இவ்வளவு சரியா வேலை செஞ்சு நான் பார்த்ததில்லைங்க."

"அவ்வளவு களைப்பு எனக்கு."

அவள் கைப்பையைத் திறந்தாள். இன்னோர் உறை. அதன் மேலும் குறுக்கே கையெழுத்து. அவள் கையெழுத்துக்குக் கீழே இன்னொன்று. டைலர் கையெழுத்து. நான் டைலரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

"சாரி சார். நீங்க வர்றதுக்கு முந்தின நாளே அக்கா வந்து கையெழுத்து வாங்கிட்டாங்க. நீங்க வந்தா ஆவி காட்டிடுங்கன்னும் சொன்னாங்க."

"ஆய்வுல எல்லாரும் பட்டியலை எட்டிப் பார்க்கப் பார்ப்பாங்க" என்றாள் மனைவி. "அதனால வெளியில வைக்கிற பட்டியல் எப்பவும் பட்டியல் இல்ல." இரண்டாவது உறையைப் பிரித்து என் முன் வைத்தாள். ஒன்று முதல் இருபத்தெட்டு வரை ஒரே சொல்தான். வெற்று.

"ஒரு நாள்கூட நிஜம் இல்லையா?"

"மருந்துக்கடைல குழந்தைங்களுக்கு விக்கிற இனிப்பு மாத்திரை. சப்பியிருந்தா கண்டுபிடிச்சிருப்பீங்க. ஃபாரத்துல அஞ்சாவது வரி, எல்லா நாளும் வெற்று மாத்திரையே கொடுக்கப்படலாம்னு. நீங்கதான் அதுல 'க்' போட்டீங்க."

"ஒன்பதாவது வரி?" என்று கேட்டேன்.

"தோத்தா ஞாயித்துக்கிழமை ஓய்வு எனக்கு, அன்னைக்கு வீட்டு வேலை உங்களுக்கு. காற்புள்ளி அழகா வெச்சிருக்கீங்க."

கடைசியாக ஒரு பிடிமானம் கிடைத்தது. "இருபது நாள் சும்மா படுத்திருந்தேனே. அது உனக்கு நஷ்டம்தானே?"

"அதுக்கு முன்னாடி இருபத்தெட்டு நாளும் படுப்பீங்க. எட்டு லாபம்."

டைலர் எழுந்து, குழு கலைகிறது என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார். நானும் அவளும் பெயிண்ட் வாசனையும் மட்டும் இருந்தோம்.

"சரி, அந்த நிஜ மாத்திரை? போட்ட அன்னைக்கே களைப்பு போகும்னியே. அதையாவது வாங்கிக் கொடு."

அவள் நோட்டை மூடினாள். "அப்படி ஒண்ணு இருந்தா, பத்தொம்பது வருஷமா நான்தாங்க அதைப் போட்டிருப்பேன்."

நோட்டைக் காலி டப்பாவின் மேல் வைத்தாள்.

"இருபத்தெட்டு நாளும் உங்களை எப்படி இருக்குன்னு கேட்டேன். நீங்க ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னைத் திருப்பிக் கேட்டிருந்தா, இந்த ரெண்டாவது உறையைக் கிழிச்சுப் போட்டிருப்பேன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. டப்பாவுக்கு எண் ஒட்டுகிற அதே முகத்தோடு சொன்னாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். எழுத்து எழுத்தாகப் பார்க்கிற கண் என்னுடையது. எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவள் கட்டிலில் படுத்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கழுவு தொட்டிக்கு முன்னால் நின்றேன். நேற்றைய பாத்திரம், இன்றைய பாத்திரம், பெயிண்ட் ஒட்டிய வாளி. தோள் வலித்தது, கழுத்து வலித்தது, கால் கெஞ்சியது. இந்த முறை எந்தப் பக்கத்தையும் நான் திருத்தியிருக்கவில்லை. கதவை மெல்லத் திறந்தேன்.

"எப்படிம்மா இருக்கு?"

"இப்பதான் நல்லா இருக்கு" என்றாள் கண்ணைத் திறக்காமல். "உங்களுக்கு?"

"நிஜமாவே முடியல."

தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு சின்ன பாட்டிலை நீட்டினாள். "ஒண்ணு மிச்சம் இருக்கு. வெறும் சர்க்கரை. தெரியும் இல்ல?"

"தெரியும்."

வாயில் போட்டேன். இந்த முறை சப்பினேன். சர்க்கரையேதான்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அரை மணி நேரத்தில் களைப்பு போய்விட்டது.