அப்பாவின் கருமாதியில் மோதிய கேலக்ஸிகள்

ஒரே நேரத்தில் இரண்டு வேலை பார்க்க முடியும் என்று நம்புகிறவர்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்கள் வீட்டில் பால் பொங்கும், சோறு தீயும், அதோடு போய்விடும். நான் கெடுத்தது என் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தை. அதுவும் ஐரோப்பாவில் ஒரு விஞ்ஞானி பார்த்துக்கொண்டிருக்கும்போது.

நான் ஓர் அமெச்சூர் வானியல்காரன். மலேசியாவின் கிள்ளானில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லவே ஒரு தைரியம் வேண்டும். எங்கள் வானத்தில் மேகம் இருக்கும். மேகம் இல்லாவிட்டால் புகைமூட்டம். அதுவும் இல்லாவிட்டால் துறைமுகத்து விளக்குகள். ஆசையாக வாங்கிய தொலைநோக்கியில் நான் தெளிவாகப் பார்த்தது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத்தான். (இப்போது அந்தத் தொலைநோக்கியின்மேல் அம்மா துண்டு காயப்போடுகிறார்.)

அதனால் கணினிக்கு மாறினேன். பெரிய தொலைநோக்கிகள் லட்சக்கணக்கான கேலக்ஸிகளைப் படமெடுத்துக் குவித்துவிடும். அத்தனையையும் பார்க்க விஞ்ஞானிகளுக்கு நேரம் ஏது? எங்களைப் போன்றவர்களிடம் இணையத்தில் காட்டிக் கேட்பார்கள். இது உருண்டையா, சுருளா, இரண்டு மோதுகிறதா, இல்லை கேமரா கோளாறா? நாங்கள் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அப்பா ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "சம்பளம் உண்டா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப ஏண்டா ஓவர்டைம் பாக்குற?" என்று போய்விட்டார்.

அந்த அப்பா ஒரு காலையில் வாசலில் செருப்பை மாட்டும்போதே சரிந்து விழுந்து இறந்துபோனார்.

அம்மா அழவில்லை. அவர்கள் இருவருக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஒத்துப்போனதில்லை. டிவி சத்தத்துக்குச் சண்டை, சாம்பார் உப்புக்குச் சண்டை, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சண்டை. அதனால் உறவினர்கள் காதோடு காதாக ஏதேதோ பேசினார்கள். அம்மாவோ சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் "ம்" என்பார். தட்டில் போட்டது அப்படியே இருக்கும். வீட்டில் சண்டைச் சத்தம் இல்லாமல் எனக்கு மூச்சு முட்டியது. நான் கேலக்ஸிகளுக்குள் போய் ஒளிந்துகொண்டேன்.

அப்படி ஒளிந்திருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. இரண்டு சின்ன கேலக்ஸிகள் ஒன்றோடொன்று முட்டிப் பின்னிக்கிடந்தன. இரண்டு பக்கமும் கிழிந்த வால். முட்டும் இடத்தில் மட்டும் பளீரென்று நீலம். அங்கே நட்சத்திரங்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன என்று அர்த்தம். ஆனால் இத்தனை சின்ன ஜோடியில் இவ்வளவு வேகமாகப் பிறப்பது வழக்கமில்லை. ரவாங்கில் பள்ளி ஆசிரியராக இருக்கும் ஜேம்ஸும் என்னைப் போலவே படம் பார்க்கிறவர்தான். அவருக்கு அனுப்பினேன். "Boss, இது கேமரா அழுக்கு இல்ல லா. இது வேற என்னமோ" என்றார். படங்களைத் தந்த ஆய்வுக்குழுவுக்கு இருவரும் சேர்ந்து எழுதினோம்.

ஆய்வுக்குழுவின் தலைவி, ஓர் ஐரோப்பிய அம்மாள், உடனே பதில் போட்டார். பெரிய தொலைநோக்கியில் அதைப் பார்க்க நேரம் கேட்பதற்கு முன் எங்களிடம் வீடியோவில் பேச வேண்டுமாம். அவர் குறித்த நேரம் எங்கள் ஊர்க் கணக்கில் பதினாறாம் நாள் சாயங்காலம், சரியாகப் பூஜை நேரம். வேறு நாள் கேட்டிருக்கலாம். கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களோ என்று பயம். (எனக்குப் புகழாசை இல்லை என்று சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள், நானும் சொல்லியிருக்கிறேன்.)

இதற்கிடையில் சாந்தி அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, அம்மா இன்னும் அழல. எனக்குப் பயமா இருக்குடா. அப்பா போட்டோ எல்லாத்தையும் புரொஜெக்டர் வச்சுப் பெரிய துணியில போட்டுக் காட்டலாம். கல்யாண போட்டோவப் பாத்தாங்கன்னா கண்டிப்பா அழுதிடுவாங்க. அழுதாத்தான் தேறுவாங்க. நீ அத மட்டும் ஒழுங்கா ஓட்டு. வேற எதுவும் செய்ய வேணாம்."

"நான் பாத்துக்கறேன்கா. கவலைப்படாத."

எங்களிடம் இருந்தது ஒரே மடிக்கணினி. நான் போட்ட திட்டம் இது: துணியில் அப்பா ஓடுவார், என் திரையில் கேலக்ஸி ஓடும், ஒரு காதில் ஐரோப்பா, மறு காதில் தேவாரம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்பார்கள். நான் இரண்டு காலையும் அண்டவெளியில் வைத்தேன்.

சாயங்காலம் ரோட்டை அடைத்துக் கேனோப்பிப் பந்தல் போட்டிருந்தது. காரியம் செய்ய வந்த பண்டாரம் ஓதத் தொடங்கினார். முன்வரிசையில் அம்மா. நான் கடைசியில் புரொஜெக்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, பாட்டரியில் ஓடிய கணினியில் குனிந்து, கிசுகிசுவென்று இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தேன். துணியில் அப்பா தன் லோரிக்குப் பக்கத்தில் நின்றார். அப்பா குழந்தை அக்காவைத் தூக்கிக்கொண்டார். அடுத்தது பத்துமலையில் எடுத்த கல்யாண போட்டோ.

அப்போது அப்பாவின் தங்கை பாக்கியம் அத்தை, விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி போட, பெரிய கொதிகலனின் பிளக்கைச் செருகினார். கரண்டு டிரிப் ஆனது. விசிறி, விளக்கு, புரொஜெக்டர் எல்லாம் போயின. யாரோ ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டிவிட, எல்லாம் திரும்பி வந்தன. என் இணையம் கைப்பேசியில் ஓடியதால் ஐரோப்பா மட்டும் போகவே இல்லை. எனவே நான் தலையையும் தூக்கவில்லை. திரும்பி வந்த புரொஜெக்டர் அப்பாவை விட்டுவிட்டு என் திரையை அப்படியே துணியில் போட்டது எனக்குத் தெரியாது.

"இது கோளாறே இல்லை, மற்ற வண்ணப் படங்களிலும் அதே இடத்தில் இருக்கிறது" என்று நான் அடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். ஜேம்ஸிடமிருந்து செய்தி வந்தது: "Boss, அங்க என்ன சத்தம்? மைக்க மூடுங்க!" அதைப் படிக்காமலேயே, பாராட்டுகிறார் என்று நினைத்துக் கட்டைவிரலைக் காட்டினேன்.

சத்தம் அத்தையுடையது. "ஐயோ அண்ணே! எல்லாரும் பாருங்க, எங்கண்ணன் ஜோதியில கலந்துட்டாரு!"

நிமிர்ந்தேன். கேனோப்பி முழுக்க எழுந்து நின்றது. பண்டாரம் தேவாரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். துணியில் ஆள் உயரத்துக்கு என் கேலக்ஸி. மூலையில் காப்பிக் கோப்பையோடு ஐரோப்பிய அம்மாள். அத்தை கற்பூரத் தட்டைத் தூக்கிப் பிடித்து இருவருக்கும் சேர்த்தே தீபம் காட்டிக்கொண்டிருந்தார். என் காதுக்குள் அந்த அம்மாள், அங்கே எல்லோரும் நலமா என்று கவலையாகக் கேட்டார்.

பதறிப்போய் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினேன். கேலக்ஸி இன்னும் பெரிதானது.

அக்கா என்னிடம் வந்தாள். "என்னடா இது?"

"கேலக்ஸிக்கா."

"கல்யாண போட்டோ எங்க?"

நான் கணினியில் அதைத் தேடத் தொடங்கினேன்.

"ஒரே ஒரு வேலைதானேடா குடுத்தேன்." சொல்லிவிட்டு அங்கேயே மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். அழ வேண்டியவர் அம்மா; அழுததோ அக்கா. எனக்கு வாழ்க்கையில் அத்தனை அவமானம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அப்போது முன்வரிசையில் அம்மா எழுந்தார். துணிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"என்ன இது?"

இத்தனை நாளில் "ம்" தவிர அவர் பேசிய முதல் வார்த்தை அது. பொய் சொல்லத் தோன்றவில்லை. "ரெண்டு நட்சத்திரக் கூட்டம்மா. ஒன்னோட ஒன்னு மோதிக்கிட்டு இருக்கு."

"எவ்ளோ நாளா?"

"பல கோடி வருஷமா."

"நடுவுல என்ன அவ்ளோ வெளிச்சம்?"

"மோதுற இடத்துல புதுசா நட்சத்திரம் பொறக்குதும்மா. சும்மா தனித்தனியா இருந்தா இவ்ளோ பொறக்காது."

அம்மா மறுபடி துணியைப் பார்த்தார். "எது பெருசு?"

"இடது பக்கம் இருக்கறது."

"அது நான். அந்தப் பக்கம் முறுக்கிக்கிட்டுக் கிடக்கறது உங்கப்பா." கையை நீட்டி, வலது பக்கத்து வாலைத் துணியோடு தொட்டார். "இத்தன வருஷமும் மோதுனோம்டா. இனி நான் யார்கூட மோதுவேன்?"

அப்புறம் அழுதார். அக்கா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அம்மா அழுத அழுகையில் காதோடு பேசிய உறவினர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் அழுதேன், மைக்கை மூடாமலேயே. ஜேம்ஸ்தான் அந்த விஞ்ஞானியிடம் விஷயத்தைச் சொல்லி இணைப்பைத் துண்டித்திருக்கிறார்.

பெரிய தொலைநோக்கி பிறகு எங்கள் ஜோடியைப் பார்த்தது. நாங்கள் சொன்னது சரிதான். அறிவியல் உலகம் அதற்கு நீளமாக ஏதோ ஓர் எண் கொடுத்திருக்கிறது. அக்கா தீபாவளி வரைக்கும் என்னோடு பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் எந்தப் புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டாலும், "விடுங்க லா, நட்சத்திரம் பொறக்குது" என்று யாராவது என்னைப் பார்த்துச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கல்யாண வீட்டில் புரொஜெக்டர் பக்கம் நான் நடந்தால்கூட ஒருவர் வந்து வழிமறிக்கிறார்.

அம்மா மட்டும் சில நாள் சாப்பிட்டு முடித்துக் கைகழுவும்போது கேட்பார். "அந்த ரெண்டும் ஒன்னு சேந்துருச்சா?"

"இன்னும் பல கோடி வருஷம் ஆகும்மா."

"ஆகட்டும். உங்கப்பா எங்க கூப்பிட்டாலும் லேட்டாத்தான் வருவாரு."