ஸ்டாண்ட் இல்லாத வண்டியை விற்கப் போனேன்

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ரேஸ் பைக் வைத்திருந்த காலத்தில் நான் அதை ஓட்டிய நேரம் கொஞ்சம். ஹாலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம்.

எனக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. பகல் முழுக்க வெளிநாட்டு பையர்களுக்குப் பட்டன் நிறத்தைப் பற்றி மெயில் அனுப்பிவிட்டு வீடு திரும்பினால், ஹாலின் நடுவில் நீலமாக அது நிற்கும். ட்ராக்கில் ஓட்டுவதற்கென்றே மாற்றியமைத்த வண்டி. ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, ஹாரன் எதுவும் கிடையாது. எடை குறைய வேண்டுமென்று சைடு ஸ்டாண்டையும் செயின் கவரையும்கூடக் கழற்றியிருந்தேன். (என் எடை எண்பத்தெட்டு கிலோ. அதைக் குறைக்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லை.) பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஓர் இரும்புச் சட்டத்தின் மேல்தான் வண்டி நிற்கும். கோயம்புத்தூர் ட்ராக்குக்கு மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் என்னைத் தாண்டிப் போனவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். ஏதோ உறவினர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவனைப் பார்த்த மாதிரி.

அப்போதுதான் எங்களுக்குப் பையன் பிறந்தான். பிரசவத்துக்குக் கொமரலிங்கத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி சுகந்தி, அங்கிருந்தே போனில் சொல்லிவிட்டாள்.

“ஏனுங்க மாமா, வெள்ளிக்கெழம நான் ஊட்டுக்கு வாரேன். அந்த வண்டி நிக்கற எடத்துலதான் தொட்டில் கட்டோணும். வண்டி இருந்துச்சுன்னா நானும் கொழந்தையும் அப்படியே அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிருவோம்.”

சுகந்தி சொன்னால் செய்கிறவள். நான் விளம்பரம் கொடுத்தேன். போன் செய்தவர்கள் எல்லாரும் மைலேஜ் கேட்டுவிட்டு வைத்தார்கள். கேட்காதவர் ஒருவர்தான். அவிநாசியில் நிட்டிங் யூனிட் வைத்திருந்த தங்கவேல் என்பவர். “ஞாயித்துக்கெழம காலைல கொண்டாங்க, பாத்துக்கலாமுங்க” என்றார். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எனக்கிருந்த ஒரே ஆள் அவர்தான்.

முறைப்படி அந்த வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ரோட்டில் ஓட்டவே கூடாது. ஆனால் கடைசி முறை அல்லவா? அதிகாலையில் தள்ளிக்கொண்டு வெளியே வந்து ஏறி உட்கார்ந்தேன். இரும்புச் சட்டம் ஹாலிலேயே கிடந்தது. அதைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை.

அந்தப் பயணத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு லேசாகிறது. ஊர் முழுக்கப் பால் நிறத்தில் பனி. மூடியிருந்த கம்பெனிகளின் ஷட்டர்களில் என் வண்டிச் சத்தம் பட்டுப் பட்டுத் திரும்பி வந்தது. பெட்ரோல் டேங்க் மேல் நெஞ்சைப் படுக்கவைத்துக் குனிந்துகொண்டேன். ரோட்டோர வேப்பமரங்கள் எழுந்து நின்று கை தட்டின. பால் வண்டிக்காரர் ஒருவர் எனக்கு முன்னால் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தார். அவரை உள்வளைவில் முந்தினேன். (அவர் பால் ஊற்றுவதற்காக நின்றுவிட்டார் என்பதைப் பிறகுதான் யோசித்தேன்.)

யூனிட் வாசலுக்கு வந்து எஞ்சினை அணைத்தேன். காலை ஊன்றினேன். அப்போதுதான் புரிந்தது. இந்த வண்டியிலிருந்து என்னால் இறங்க முடியாது.

சுவரில் சாய்க்கலாம் என்றால், கரடுமுரடான சுவர். வண்டிக்கோ விற்பதற்காக முந்தின நாள்தான் பாலிஷ் போட்டிருந்தேன். யாரையாவது பிடிக்கச் சொல்லலாம் என்றால் வெட்கம். போனில் தங்கவேலிடம் அவ்வளவு பீற்றியிருந்தேன்.

உள்ளேயிருந்து ஓர் அம்மா வந்தார். மேரியக்கா. நாசரேத் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாக இங்கே துணி செக்கிங் பார்ப்பவர்.

“மொதலாளி கோயிலுக்குப் போயிருக்காவ தம்பி. வர ஒரு மணி நேரமாவும். எறங்கி உள்ள வந்து இரிங்க.”

“பரவால்லீங்கக்கா. இப்படியே உக்காந்திருக்கேன்.”

“வெயில் வந்துரும்லா?”

வண்டியை உருட்டிக்கொண்டு நிழலுக்குப் போனேன். இறங்கவில்லை. பக்கத்தில் தார்ப்பாய் விரித்து, கம்பெனிக்காரர்கள் துணி ரோல்களை அடுக்கியிருந்தார்கள். குழந்தைகள் உடுப்புக்கான ரோஸ் நிறத் துணி. செக்கிங் முடிந்து, உறை போடாமல், இளவெயிலில் பூத்த மாதிரி இருந்தது.

மேரியக்கா டீ கொண்டுவந்தார். குனிந்தவாக்கிலேயே வாங்கிக் குடித்தேன். அரைமணி நேரம் கழித்து மறுபடி வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதோரம் கேட்டார்.

“ஏன் தம்பி, மூலமா?”

“என்னதுங்கக்கா?”

“வெக்கப்படாதிய. எங்க அண்ணனுக்கும் இருந்துச்சு. எறங்கவும் மாட்டான், நிமிந்து உக்காரவும் மாட்டான்.”

நான் பதில் தேடுவதற்குள் உள்ளே போய் ஒரு கை கட்டிங் வேஸ்ட் துணியை அள்ளிவந்து, என்னை லேசாக எழும்பச் சொல்லி, சீட்டில் மெத்தையாகப் பரப்பினார். ஸ்டாண்ட் இல்லை என்று சொல்வதைவிட மூலம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது அன்றைக்கு எனக்குக் கௌரவமாகப் பட்டது.

மெத்தை சுகமாக இருந்தது. உள்ளே நிட்டிங் மெஷின்கள் ஒரே தாளத்தில் முனகிக்கொண்டிருந்தன. பஞ்சுத் துணுக்குகள் வெயிலில் மிதந்து மிதந்து இறங்கின. டேங்க் மேல் தலையை வைத்தேன். ஒரு நிமிடத்துக்குத்தான்.

ட்ராக்கில் இருந்தேன். எனக்கு முன்னால் யாருமே இல்லை. இடது வளைவு வந்தது. இத்தனை நாள் பயந்து பயந்து எடுத்த அதே வளைவு. இந்த முறை பயமே இல்லை. சாய்ந்தேன். இன்னும் சாய்ந்தேன். முழங்கால் தரையைத் தொடப்போகிறது, தரை பஞ்சு மாதிரி வந்து தாங்குகிறது, மேகமெல்லாம் ரோஸ் நிறம்...

“ஏனுங்க! உசுரு இருக்குதுங்களா?”

கண்ணைத் திறந்தேன். துணி ரோல்களின் மேல் நானும், என் மேல் பாதி வண்டியும் கிடந்தோம். மேலே நெற்றி நிறைய திருநீற்றுடன் தங்கவேல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். விற்பதற்காக நான் சொட்டச் சொட்டப் பூசியிருந்த செயின் ஆயில், துணியில் கருப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆயில் கறை. திருப்பூரில் இதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

“மூலம் மொதலாளி, பாவம்” என்றார் மேரியக்கா.

“இல்லீங்க. வண்டிக்கு ஸ்டாண்ட் இல்லீங்க. சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சுங்க” என்றேன்.

தங்கவேல் திட்டவில்லை. கொங்குநாட்டில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். “சரிங்க. எந்திரிங்க. மெதுவா வாங்க. ரெண்டு ரோல் போச்சுங்க” என்று ஒவ்வொரு ‘ங்க’வாக என்னை அடித்தார். உள்ளே வேலையிலிருந்த மூன்று பேர் வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். போயிற்று, இனி யார் வாங்குவார்கள் என்று நின்றேன்.

தங்கவேல் வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி ஏறி உட்கார்ந்தார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். டேங்க் மேல் மெல்லக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். மூன்று பேரும் வண்டியைப் பிடித்தபடி நின்றார்கள். வெகுநேரம் அவர் கண் திறக்கவில்லை. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

“பையனுக்குங்களா?” என்றேன்.

“எனக்குத்தானுங்க.”

“எங்க வெச்சு ஓட்டுவீங்க?”

“ஓட்டறதுக்கு யாருங்க வாங்கறா? ஆபீஸ்ல வெச்சுப் பாத்துட்டே இருக்கோணுங்க.”

விலை அங்கேயே முடிந்தது. கூடவே ஒரு நிபந்தனை: கறைபட்ட இரண்டு ரோல்களையும் நான் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். குட்டியானை வேனில் ரோஸ் துணி மேல் உட்கார்ந்து வீடு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை சுகந்தி குழந்தையோடு வாசலில் நின்று ஹாலைப் பார்த்தாள். வண்டி நின்ற இடத்தில் ரோஸ் ரோல்கள் இரண்டும் கிடந்தன. அவளையும் ரோல்களையும் மாறி மாறிப் பார்த்தேன். கதை முழுவதையும் சொன்னேன். மூலத்தை மட்டும் விட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வர வர அவள் சிரித்தாள்.

கறையை வெட்டியது போக மிச்சத் துணி மலையாக இருந்தது. பையனுக்கு ஜட்டி, சட்டை, தலையணை உறை, எனக்கு நைட் பேண்ட், ஜன்னலுக்குத் திரை எல்லாம் ரோஸ். இப்போது அவன் மூன்றாம் வகுப்பு. வீட்டுக்கு யார் வந்து ஜன்னல் திரையைப் பார்த்து “நல்ல கலருங்க” என்று சொன்னாலும், சுகந்தி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்.

“ஓடற வண்டில உழுந்தவங்களப் பாத்திருப்பீங்க. நிக்கற வண்டில தூங்கி உழுந்தவர நீங்க பாத்ததில்லையே? இருங்க, அவரே சொல்லுவாரு.”

நானும் வந்து உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்கிறேன்.