ஊதுவத்தி கொளுத்தி ஏசி பார்த்தவர்

மீன் வண்டி கட்டியிருக்கிறேன். ஆம்புலன்ஸ் கட்டியிருக்கிறேன். காடாம்புலியூர் பலாப்பழம் ஏற்றிப் போகிற லாரிக்குப் பாடி கட்டியிருக்கிறேன். பள்ளிக்கூட பஸ், சாமி ஊர்வல வண்டி, சவ ஊர்தி எல்லாம் இந்தக் கை கட்டியதுதான். ஆறாம் கிளாஸைத் தாண்டாத கை. கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் தகரக் கொட்டகையாக ஆரம்பித்த என் பட்டறையைப் புயல் தூக்கிக்கொண்டு போனது, திரும்ப நட்டேன். பேங்க் கைவிட்டது, பங்காளி கைவிட்டான், இப்போது முட்டியும் கைவிட்டுவிட்டது. பட்டறை நிற்கிறது. நான் கட்டின பாடிக்குள் மழைத் தண்ணி ஒரு சொட்டு இறங்கியது என்று இந்த ஜில்லாவில் ஒருத்தன் சொல்லட்டும், அன்றைக்கே சுத்தியலைக் கீழே வைக்கிறேன்.

இத்தனையும் தாங்கின என்னால் தாங்க முடியாமல் போன ஒரே ஆள் ஊதுவத்தி. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் உள்ள அத்தனை ஏசி மெக்கானிக்குகளிலும் ஸ்பேனரைத் தொடாமலே ஏசியைச் சரி பண்ணுகிற ஆள் அவர் ஒருத்தர்தான். கூப்பிட்டவனைப் பாதி உயிராக்கிவிட்டுப் போகிற ஆளும் அவர்தான்.

சிதம்பரத்துக்காரர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். தோளில் ஒரு ஜோல்னாப் பை. அதற்குள் ஊதுவத்திக் கட்டும் தீப்பெட்டியும்தான் பெரும்பாலும் இருக்கும். ஏசியின் வாய்க்கு நேராக ஒரு வத்தியைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தபடி நிற்பார். நிற்பார், நிற்பார், நமக்குக் கால் வலிக்கும்.

"காத்து கண்ணுக்குத் தெரியாது மச்சான். பொகைதான் அதுக்கு வேட்டி சட்டை. உடுத்திவிட்டாத்தான் ஆளு யாருன்னு தெரியும்" என்பார்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நேரத்தில் ஏசி காற்று மணமேடைக்கு வரவில்லை என்று இவரை அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் பாட்டுக்கு வத்தியைக் கொளுத்திக்கொண்டு, மேலே பார்த்தபடி, மாப்பிள்ளையையும் பெண்ணையும் சுற்றி மெல்ல வந்திருக்கிறார். இது பெண் வீட்டுச் சடங்கு என்று மாப்பிள்ளை வீடும், மாப்பிள்ளை வீட்டுச் சடங்கு என்று பெண் வீடும் நினைத்துக் கைகூப்பி எழுந்து நின்றுவிட்டார்கள். ஒரு பெரியவர் வந்து புகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இவர் அவரிடம், "தள்ளி நில்லுங்க, நீங்கதான் காத்த மறிக்கிறீங்க" என்றாராம். அது பெரிய மண்டபம், பெரிய சண்டை.

அந்த ஆளிடம் நான் போய்ச் சிக்கியது ஒரு கத்திரி வெயிலில்.

பரங்கிப்பேட்டை சலீம் பாய் சவுதியில் நெடுங்காலம் இருந்து திரும்பியவர். அவர் சம்சாரத்துக்கு உடம்பில் ஒரு கோளாறு. சூடு பட்டால் மயக்கம் போட்டுவிடும், உட்கார்ந்து பயணம் பண்ணவும் ஆகாது. மகள் கோயம்புத்தூரில். தலைப்பிரசவம். பக்கத்தில் அம்மா இருக்க வேண்டும் என்று அந்தப் பெண் போனில் அழுகிறது. அதற்காகவே பாய் ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, என்னிடம் விட்டு, வீடு மாதிரி கட்டச் சொன்னார். முன்னால் டிரைவரும் கிளீனரும். நடுவில் சமையல். பின்னால் கதவு போட்ட அறை, அதில் கட்டில். கூரை வழியாகக் கட்டில் வரைக்கும் ஏசி குழாய். நான் கட்டிய முதல் ஓடும் வீடு. இழைத்து இழைத்துக் கட்டினேன்.

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்துவிட்டு பாய் திரும்பி வந்தார். முகம் செத்திருந்தது.

"அண்ணே, சமைக்கிற எடத்துல பேய்க்காத்து அடிக்குது. கட்டில்ல பூனை மூச்சு விடுற மாதிரி வருது. பண்ருட்டி தாண்டலண்ணே, அதுக்குள்ள அவ மயங்கிட்டா. இன்னும் ஒரு வாரத்துல மவளுக்குத் தேதி. நான் எப்படி இட்டுக்கினு போவேன்?"

மெக்கானிக்குகள் வந்தார்கள். ஒருத்தர் கேஸ் குறைவு என்றார், நிரப்பினார். இன்னொருத்தர் ஃபில்டரைக் கழுவினார். மூன்றாமவர் மெஷினே சின்னது, பெரிசாகப் போடுங்கள் என்றார். எல்லோரும் அறை வாசற்படியில் நின்று கையை நீட்டிப் பார்த்து, "காத்து நல்லாத்தானே வருது" என்றார்கள். வண்டி கிளம்பினால் வராது. எனக்கு இந்த வயசில் கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஊதுவத்திக்கு ஆள் அனுப்பினேன்.

வந்தார். மெஷின் பக்கம் தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அந்தம்மா எங்க படுப்பாங்க?"

காட்டினேன். நேராகப் போய்க் கட்டிலில் படுத்து, "கதவச் சாத்து மச்சான்" என்றார்.

பாய் பதறினார். மற்ற மெக்கானிக்குகள் யாரும் அந்தக் கதவைத் தாண்டவில்லை. பொம்பளைகள் படுக்கிற அறை, வேற்று ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்துவதா என்று மரியாதையாகத் திறந்த கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். அந்த மரியாதை ஊதுவத்திக்கு மட்டும் இல்லை. அந்தம்மா என் வீட்டில் என் சம்சாரத்தோடு இருந்ததால் தப்பித்தோம்.

கதவைச் சாத்தினேன். ஜெனரேட்டர் ஓடுகிறது. ஆளைக் காணோம். தட்டினேன்.

"சத்தம் போடாத. காத்து வெக்கப்படுது."

அவர் வெளியே வந்தபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு சொம்பு தேறும்.

"மச்சான், நீ கட்டினது வீடு இல்ல. ஊறுகா ஜாடி."

"வாயக் கழுவுங்க. இன்னா கொறை அதுல?"

"கொறையே இல்ல, அதான் கொறை. கதவு ஓரம் முச்சூடும் ரப்பர் வச்சு அடைச்சிருக்க. உள்ள போன காத்து திரும்பி வர வழி எங்க? பந்தியில உக்காந்தவன் எந்திரிச்சாத்தானே அடுத்தவன் உக்காருவான்? கதவத் தொறந்தா பொகை ஓடுது, சாத்தினா கொடிக்கம்பமா நிக்குது. ஓடுற வண்டியில சாத்தித்தானே படுப்பாங்க? கதவுல ஓட்டை போடு."

"என் பாடியில ஓட்டையா? மழ பேஞ்சா சொட்டு எறங்காதுன்னு பேர் வாங்கினவன்யா நான்!"

"கட்டிலு மேலயா மச்சான் மழ பேயுது?"

பட்டறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். என் சம்பளம் வாங்குகிறவர்கள்.

ஆனால் சலீம் பாய் சிரிக்கவில்லை. "ஓட்டை போட்டா முன்னாடி இருக்கிற டிரைவருக்கு உள்ள படுத்திருக்கிறது தெரியும். அது சரிவராதுங்க."

"துணி தொங்கவிடலாம்" என்றார் ஊதுவத்தி. கதவைத் திறந்து, அங்கே ஒரு துணியைத் தொங்கவிட்டு, அவரே வத்தியைக் கொளுத்திப் பார்த்தார். துணி காற்றை நிறுத்திவிட்டது. கட்டிலுக்கு நேரே புகை மறுபடி கொடிக்கம்பம் ஆனது. முதல் தடவையாக அந்த ஆள் வத்தியை அணைத்துப் பைக்குள் போட்டார். அது அவர் பேசுவதைவிட மோசமாக இருந்தது.

அப்போது அந்தம்மா என் சம்சாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தார்.

"அண்ணே, கதவத் தொறந்து வச்சுக்கினு என்னால படுக்க முடியாது. மூடிக்கினு வேகவும் முடியாது. ரெண்டுக்கும் நடுவுல ஏதாச்சும் செஞ்சு குடுங்க. புள்ள பொறந்தப்புறம் போய்ப் பாக்கறதுக்கு எனக்கு எதுக்கு வண்டி?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நிற்க முடியவில்லை.

நான் கதவைக் கழற்றித் தரையில் போட்டேன். எனக்குப் படிப்பு இல்லை, தகரம் தெரியும். கதவின் கீழ்ப்பாகத்தை அகலமாக வெட்டி எடுத்தேன். அந்த இடத்தில் தகரப் பட்டைகளைச் சாய்த்து ஒரு வரிசை அடித்தேன். அதற்குப் பின்னால் எதிர்ப்பக்கம் சாய்த்து இன்னொரு வரிசை. காற்றுக்கு வளையத் தெரியும். கண்ணுக்கு வளையத் தெரியாது. அவ்வளவுதான் என் கணக்கு. என் கையாலேயே என் பாடியை வெட்டினபோது எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

கதவை மாட்டியதும் ஊதுவத்தி உள்ளே தரையில் படுத்துக்கொண்டார். நான் வெளியே, முட்டி வலியோடு, குப்புற.

"மச்சான், நான் தெரியுறனா?"

"தெரியல."

"ஒன் மூஞ்சியும் எனக்குத் தெரியல. எவ்ளோ நிம்மதியா இருக்கு!"

பிறகு எழுந்து கட்டிலுக்கு மேலே வத்தியைக் கொளுத்தினார். புகை கொஞ்சம் யோசித்தது. சாய்ந்தது. அப்படியே கட்டிலைக் கடந்து, கீழே இறங்கி, பட்டைகளுக்குள் வளைந்து வெளியே வந்து என் மூக்கில் ஏறியது. நான் இருமி எழுவதற்குள் அந்தம்மாவைப் படுக்க வைத்து, பாயே கதவைச் சாத்தினார். நாங்கள் எல்லோரும் வெளியே காத்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏங்க, ஒரு போர்வை குடுங்க."

பாய் போர்வை எடுக்கப் போகவில்லை. திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் சம்சாரம்தான் ஓடினாள்.

ஊதுவத்தி கதவுப் பட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். "இது எனக்குத் தோணல மச்சான்" என்றார். மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. என் காதால் கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன்.

அன்று சாயந்திரமே கிளம்பினார்கள். பேரன் பிறந்தபோது அந்தம்மா மகள் பக்கத்தில் இருந்தார். அந்தம்மாதான் போனில் பேசினார். "அந்த ஊதுவத்தி அண்ணனுக்கு என் சலாம் சொல்லுங்க" என்றார். சொன்னேன். எனக்கு ஒன்றும் இல்லையா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வயசும் இல்லை.

ஆனால் இந்த ஆள் சும்மா இருக்கிறாரா? சிதம்பரத்தில் டீக்கடை டீக்கடையாக உட்கார்ந்து, ஓடுகிற வீட்டுக்குக் காற்று வரவழைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வத்தி வருகிறது, புகை வருகிறது, ஊறுகாய் ஜாடி தவறாமல் வருகிறது. கதவில் பட்டை அடித்தவன் மட்டும் வருவதில்லை. அலுத்துப்போய்ச் சொல்கிறேன்: அந்தப் பக்கம் போகிறவர்கள் அவர் கதையை நடுவில் நிறுத்தி, "பட்டை அடிச்சது யாரு?" என்று கேட்க வேண்டும். அவர் பதில் சொல்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. என் பெயர் அவர் வாயிலிருந்து வர வேண்டும். வேறு யார் சொன்னாலும் எனக்கு அது பெருமையில்லை.