ட்ராஃபிக் டாக்டரும் சொல்லிக்கிற மாதிரி இல்லாத லிவரும்

உங்க கிட்னிக்குள்ள எப்பயாவது தண்ணி லாரி நின்னுருக்கா?

எங்க குரோம்பேட்டைல பாதி பேருக்கு நின்னுருக்கு. கல்லுன்னு சொன்னா இங்க எவனுக்கும் புரியாது. காரணம் ட்ராஃபிக் டாக்டர். உலகத்துலயே எம்பிபிஎஸ்ஸ எப்பவும் நெரிசலா இருக்கற ஜிஎஸ்டி ரோட்ல நின்னு படிச்ச ஒரே ஆளு அவர்தான். நெஜ பேரு யாருக்கும் தெரியாது. போர்டுல இருந்த பேர வெயில் தின்னுடுச்சு, மிச்சம் இருக்கறது 'டாக்டர்' மட்டும்தான்.

மனுஷன் தெனம் தாம்பரத்துலேர்ந்து ஸ்கூட்டர்ல வருவாரு. வழியில எதுல மாட்டுனாரோ, அதான் அன்னிக்கு நமக்கு வியாதி. நெஞ்செரிச்சல்னா, "ஆசிட் ராங் சைடுல வருதும்மா. ஹெல்மெட் வேற போடல." ஃபேட்டி லிவர்னா, "பிளாட்ஃபாரம் முழுக்க கடை போட்டுட்டான். காலி பண்ணணும்." பள்ளிக்கரணைலேர்ந்து ஒரு அக்கா கால் வீங்கி வந்தாங்க.

"மழை பெஞ்சா உங்க ஏரியா எப்படிம்மா இருக்கும்?"

"தண்ணி வடியாது சார்."

"அதேதான் கால்ல."

ஆட்டோ அண்ணன் ஒருத்தருக்கு கிட்னில கல்லு. அங்கதான் அந்த லாரி. "நடு ரோட்ல நின்னுகினு கீதுப்பா. ஹார்ன் அடிச்சா நகருமா? தண்ணிய குடி, தானா போவும்."

நான் இவர செமயா கலாய்ப்பேன். ஏன்னா நான் பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சர். அதுவும் அரியரே இல்லாம. எங்க வீட்ல கரண்ட் பில்லுலேர்ந்து ஷாம்பு பாட்டில் வரைக்கும் மொழிபெயர்ப்பு ஐயாதான்.

போன மாசம் அப்பாவுக்கு வயித்து வலி. டாக்டர் ஸ்கேன் எழுதிக் குடுத்தாரு. ரிப்போர்ட் வந்துச்சு. "படிச்சு சொல்லுடா"ன்னு அப்பா சோபால சாஞ்சாரு. நான் நியூஸ் வாசிக்கிற மாதிரி தொண்டைய கனைச்சேன்.

ரிப்போர்ட் முழுக்க ஒரே வார்த்தை. அன்ரிமார்க்கபிள். ப்ச், ஜுஜுபி. 'ரிமார்க்'னா சொல்றது. 'அன்'னா இல்ல. அவ்ளோதான மேட்டர்?

"லிவர், சொல்லிக்கிற மாதிரி இல்லப்பா."

"ஐயையோ. கணையம்?"

"அதுவும் சொல்லிக்கிற மாதிரி இல்ல."

"கிட்னி?"

"ரெண்டுமே."

"டேய், எதுவுமேவாடா?"

"இருங்க, மண்ணீரல் பாக்கறேன்... ம்ஹூம்."

கிச்சன்ல அம்மா கரண்டிய கீழ போட்ட சத்தம் கேட்டுச்சு. அப்பா ஃபோன எடுத்து பொழிச்சலூர் சித்தப்பாவுக்கு அடிச்சாரு. அக்கா கல்யாணத்துல அவர ரெண்டாவது பந்திக்கு அனுப்பிட்டாங்கன்னு அன்னிலேர்ந்து ரெண்டு பேருக்கும் பேச்சே கிடையாது.

"டேய் சேகரு... உள்ள எல்லாமே போச்சுடா. ஒரு தடவ வந்து மூஞ்சிய காட்டிட்டு போ."

சித்தப்பா பனியனோட அழுதுகிட்டே வந்தாரு. மொத்தமா டாக்டர்கிட்ட ஓடினோம்.

டாக்டர் ரிப்போர்ட்ட பாத்தாரு. எங்கள பாத்தாரு. "எதுக்கு சார் குடும்பத்தோட அழுவறீங்க? அன்ரிமார்க்கபிள்னா ஞாயித்துக்கெழம காலைல ஜிஎஸ்டி ரோடு. போனோம், வந்தோம், சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல. எல்லாம் க்ளியர்."

"அப்ப வலி?"

"கேஸ். ஷேர் ஆட்டோல ஊரையே ஏத்தினா வண்டி கத்தாதா? அளவா சாப்பிடுங்க."

அப்புறம் மெதுவா என் பக்கம் திரும்பினாரு. "மொழிபெயர்ப்பு தம்பிதானா? என்ன படிச்ச?"

"இங்கிலீஷ் லிட்டரேச்சர் சார்."

"சொல்லிக்கிற மாதிரி இல்லயே."

சித்தப்பா சிரிச்ச சிரிப்புல வெளில ஊசி போட வந்த குழந்தை அழ ஆரம்பிச்சுடுச்சு. அப்பா மட்டும் சிரிக்கல. "ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சிருந்தா இவனுக்கு ஃபோனே பண்ணிருக்க மாட்டேன் சார்."

சித்தப்பா சிரிப்பு டக்குனு நின்னுச்சு. பனியன இழுத்து விட்டுகிட்டு எழுந்தாரு.

டாக்டர் பேனாவ மூடினாரு. "யூ டர்ன் எல்லாம் கெடையாது சார். நடுவுல மீடியன் வெச்சாச்சு. நேரா போங்க, ரெண்டு பேரும்."

போனாங்க. நேரா பஜ்ஜி கடைக்கு.

இன்னிக்கு அப்பாவோட அந்த கேஸுக்கு டாக்டர்கிட்ட ரெவ்யூ. அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சுல ஒட்டி உக்காந்து அந்த பந்தி மேட்டருக்கு சண்டை போட்டுகிட்டு இருக்காங்க. எதிர்ல ஏசி போட்ட க்ளினிக் காலியா கெடக்கு. நாங்க யாரும் நகரல. டாக்டர் இன்னும் வரல. ட்ராஃபிக்.