மாமாவின் பெயரில் இரண்டு சாப்

இலவசமாகக் கிடைப்பதை அளவோடு அனுபவிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் அந்த ரகம் இல்லை. இருந்திருந்தால், டிசம்பர் மாதக் குளிரில் காசியில் ஆறு முறை முழுக்குப் போட்டிருக்க மாட்டேன்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டு மாதம். கப்பல்களுக்கு பம்ப் விற்கும் கம்பெனியில் வேலை என்பதால் மாதம் இரண்டு முறையாவது எங்காவது பறப்பேன். பம்ப்பைப் பற்றித் தெரிந்ததைவிட விமான நிலைய லவுஞ்சுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும். குறிப்பாக, எங்கே எப்படி ஊற்றிக் கொடுப்பார்கள் என்பது. ஓர் ஊரில் பீர் குழாயை நாமே திருகிக்கொள்ளலாம். இன்னோர் ஊரில் பீரும் வைனும் சும்மா, விஸ்கி என்று வாயைத் திறந்தால் தனிக் கட்டணம். சில இடங்களில் காலையில் தர மாட்டார்கள். சில நாடுகளில் எந்த வேளையிலும் தர மாட்டார்கள், பேரீச்சம்பழ ஜூஸோடு சரி. ஓர் இடத்தில் பதினெட்டு வயதானால் போதும், இன்னோர் இடத்தில் இருபத்தைந்து ஆக வேண்டும். இதையெல்லாம் நண்பர்களிடம் வகுப்பெடுப்பதுபோல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். (அவர்களும் கேட்டார்கள், பாவம்.)

மனைவி மலரின் வீட்டில் மட்டும் இந்த வகுப்பு கிடையாது. காரணம், பெண் பார்க்கும் பேச்சு நடந்தபோது நான் சொன்ன ஒரு பதில். சிராங்கூன் ரோட்டில் ஒரு சைவ உணவகத்தின் மாடியில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தோம். மலரின் அம்மா, அதாவது என் அத்தை, காபியைத் தள்ளி வைத்துவிட்டு நேராகக் கேட்டார்.

"மாப்ளைக்குப் பழக்கம் ஏதாவது உண்டா?"

நான் பதறிப்போய், "தண்ணி மட்டும்தான் அத்தை" என்றேன்.

எந்தத் தண்ணி என்று இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. என் அம்மாதான் சுதாரித்து, "பச்சத் தண்ணிங்க, பச்சத் தண்ணி. வேற ஒண்ணும் தொட மாட்டான்" என்று காப்பாற்றினார். அன்று முதல் அந்த வீட்டில் நான் எதையும் தொடாத மாப்பிள்ளை. உண்மையில் எப்போதாவது தொடுவேன். எப்போதாவது என்றால், லவுஞ்சுக்குப் போகும்போதெல்லாம்.

மாமா, அதாவது மலரின் அப்பா, வேறு மாதிரி. செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. குடி என்ற சொல்லைக்கூட அவர் வாயால் சொல்லியிருக்க மாட்டார் என்பது என் முடிவு.

அத்தைக்கு மாமாவோடு காசிக்குப் போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. மலர் பள்ளி ஆசிரியை. அந்த நேரம் பார்த்து அவளுக்கு ஏதோ பயிற்சி வகுப்பு. "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று நல்ல பெயர் வாங்கும் வெறியில் முன்வந்தேன். அத்தை கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே வெங்காயம் பூண்டை நிறுத்தினார். லிட்டில் இந்தியாவில் வாங்கிய கற்பூரம், குங்குமம், பட்டுத்துணி எல்லாம் ஒரு பையில். எங்கள் மூவரின் பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் என் கழுத்தில் தொங்கிய பையில். சுற்றுலாக் குழுத் தலைவர் மாதிரி நடந்தேன்.

மதிய விமானம். என் கார்டைக் காட்டினால் கூட இருவரை லவுஞ்சுக்குள் அழைத்துப் போகலாம். போகிற வழியில், "உள்ள எல்லாமே நாமளே எடுத்துக்கலாம் மாமா" என்று பெருமையடித்தேன். உள்ளே போனால், நான் வழக்கமாகப் பாட்டில்களைச் சந்திக்கும் அலமாரியைக் காணோம். அந்த இடத்தில் புதிதாக ஒரு கவுன்ட்டர். ஒரு பயணிக்கு இரண்டு கோப்பைதான், போர்டிங் பாஸைக் காட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். கவுன்ட்டரில் ஒரு சீனப் பெரியவர். ஊற்றிக் கொடுத்துவிட்டு, பாஸின் பின்பக்கம் சின்னதாக ஒரு சாப் அடிப்பார். (முத்திரையைத்தான் சொல்கிறேன். எங்கள் ஊரில் காகிதம் என்று ஒன்று இருந்தால் அதன்மேல் ஒரு சாப் விழுந்தே ஆக வேண்டும்.) கோப்பைப் படம் போட்ட சிவப்பு சாப்.

அத்தையையும் மாமாவையும் தூரத்து ஜன்னலோரமாக உட்கார வைத்துப் பழத்தட்டு எடுத்துக் கொடுத்தேன். ஆபீஸிலிருந்து போன் என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். முதல் விஸ்கி. அப்புறம் இரண்டாவது. என் பாஸில் இரண்டு சாப் விழுந்துவிட்டது. சட்டப்படி முடிந்தது.

அப்போதுதான் பைக்குள் இன்னும் இரண்டு பாஸ் இருப்பது ஞாபகம் வந்தது. மாமா குடிக்கப் போவதில்லை. அவருக்கு உரியது யாருக்கும் பயன்படாமல் வீணாகப் போகிறது. வீணாக்குவது பாவம் என்று ஒரு விளக்கம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீனப் பெரியவர் பெயரையும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. மாமாவின் பாஸில் சாப், சாப். அத்தையின் பாஸை மட்டும் தொட மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. (எனக்கு மனசாட்சி இருந்தது என்பதற்கு அந்தப் பயணத்தில் கிடைத்த ஒரே ஆதாரம் இதுதான்.)

வாயில் இரண்டு புதினா மிட்டாயைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தேன். உலகம் மிக அழகாக இருந்தது. மாமா மெதுவாகச் சாய்ந்து கேட்டார்.

"மாப்ள, என் போர்டிங் பாஸக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு மாமா?"

"டாய்லெட் போறேன். வழி மாறிப் போயிட்டா கையில இருக்கட்டும்."

நியாயமாகப் பட்டது. எடுத்துக் கொடுத்தேன். அவர் போன கொஞ்ச நேரத்தில் அத்தையும் பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் பிடிக்கப் போனார். நான் ஓடுபாதையிலிருந்து ஒரு விமானம் ஏறுவதை ரசித்துக்கொண்டிருந்தேன். அது மேகத்துக்குள் மறைந்த அதே நொடியில் எனக்குள் ஏதோ விழுந்தது. பாஸின் பின்பக்கம்.

ஓடினேன். டாய்லெட் பக்கம் மாமா இல்லை. கவுன்ட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். சீனப் பெரியவர் போய், அவர் இடத்தில் ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள்.

"அங்கிள், ரெண்டுதான் லா குடுக்க முடியும். உங்க பாஸ்ல ஏற்கெனவே ரெண்டு சாப் இருக்கு."

"நான் இப்பதாம்மா வரேன்."

"பரவால்ல அங்கிள், நெறைய பேருக்கு ஞாபகம் இருக்காது."

சுடுதண்ணீர் இயந்திரம் அந்தக் கவுன்ட்டரை ஒட்டியேதான் இருந்தது. அத்தை பிளாஸ்க்கோடு திரும்பினார்.

"என்னம்மா ரெண்டு?"

"ரெண்டு டிரிங்க்ஸ் ஆன்ட்டி. அங்கிளுக்கு லிமிட் முடிஞ்சிருச்சு."

அத்தை மாமாவைப் பார்த்தார். "லிமிட் முடிஞ்சும் இங்க நிக்கிறீங்களா?"

மாமா பாஸைத் திருப்பிப் பார்த்தார். பிறகு மூச்சிரைக்க வந்து நின்ற என்னைப் பார்த்தார். என் கண், என் கழுத்துப் பை, நான் கடித்துக்கொண்டிருந்த புதினா மிட்டாய், எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தார். முப்பது வருடம் உயரத்தில் உட்கார்ந்து கீழே யார் என்ன செய்கிறார்கள் என்று கவனித்த கண்கள். இரண்டு நொடி போதுமானதாக இருந்தது.

"ஆமா," என்றார் அத்தையிடம். "ரெண்டு குடிச்சேன். இன்னொண்ணு கேக்க வந்தேன்."

நான் அப்போதே பேசியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். திறந்தால் என்ன வாசனை வரும் என்று தோன்றியதும் மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கோழைத்தனமான காரியங்களில் அதற்குத்தான் முதலிடம்.

அத்தை பையை எடுத்துக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தார். ஐந்து நிமிடத்தில் மலரிடமிருந்து போன்.

"அப்பா குடிச்சிட்டாராமே? நீங்க கூடத்தானே இருந்தீங்க?"

"இருந்தேன்."

"நீங்க பாக்கலயா?"

"அவர் குடிச்சத நான் பாக்கல." (அன்று நான் பேசிய ஒரே உண்மை.)

"அம்மா அழறாங்க. உங்களுக்குத் தெரியாது. அப்பா யார்டுல வேல பார்த்தப்ப தினமும் குடிப்பாங்க. நான் பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியில வச்சு அம்மாவுக்கு வாக்குக் குடுத்தாங்க. இருபத்தேழு வருஷமா ஒரு சொட்டு இல்ல. காசிக்குப் போற வழியில ஏன் இப்படிப் பண்ணாங்க?"

குடித்த நாலும் ஒரே நேரத்தில் இறங்கிப்போயின. கேட் அருகே மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாமா, நான் அத்தைகிட்ட சொல்லிடறேன்."

"வேணாம். கல்யாணம் ஆகி ரெண்டு மாசம். உங்களப் பத்தி அவ மனசுல இப்ப ஒண்ணு விழுந்தா அப்புறம் எந்திரிக்காது. என்னப் பத்தி ஏற்கெனவே நெறைய விழுந்திருக்கு. ஒண்ணு கூடப் போனாத் தெரியாது."

"அப்ப நீங்க எதுக்கு மாமா அங்க போனீங்க?"

கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானத்தைப் பார்த்தார். பிறகு, "பயம்" என்றார். "போன தடவ திருச்சிக்குப் பறந்தப்ப உசுரு போயிடுச்சு. ஒரு மடக்கு போட்டா ஏறின உடனே தூங்கிடலாம்னு பாத்தேன்."

"அவ்வளவு உயரத்துல கிரேன் ஓட்டினீங்களே?"

"கிரேன்ல பிரேக் என் கையில இருந்துச்சு. இதுல யார் கையில இருக்குன்னே தெரியலயே."

விமானத்தில் ஜன்னலோரம் அத்தை, நடுவில் நான், ஓரத்தில் மாமா. அத்தை ஜன்னலைவிட்டு முகத்தைத் திருப்பவே இல்லை. விமானம் ஓட ஆரம்பித்ததும் மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். கிரேன் ஓட்டிய கை. என் விரல்கள் வெளுத்துப்போயின. அவர் கண்ணை இறுக மூடி, முருகா முருகா என்று முணுமுணுத்தார். நெற்றியில் திருநீறு வேர்வையில் வழிந்தது. விமானம் மேலே ஏறி நேரான பிறகும் பிடி தளரவில்லை.

அத்தை மெதுவாகத் திரும்பினார். மாமாவின் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"இவரு ஒண்ணு போட்டாலே தூங்கிடுவாரு. கல்யாண வீட்டுப் பந்தியில எல முன்னாடியே தூங்கின ஆளு. ரெண்டு போட்டவரு எப்படி இப்படி முழிச்சிக்கிட்டு நடுங்குவாரு?"

நான் இருக்கையில் இருந்த பத்திரிகையை எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். (தலைகீழாக இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது.)

"மாப்ள."

"அத்தை?"

"கொஞ்சம் ஊதுங்க."

போக்குவரத்து போலீஸ்கூட அவ்வளவு நிதானமாகக் கேட்டிருக்க மாட்டார். ஊதினேன். அத்தை கண்ணை மூடித் திறந்தார்.

"எத்தன?"

"நாலு அத்தை. ரெண்டு என் பேர்ல. ரெண்டு மாமா பேர்ல."

"என் பேர்ல?"

"உங்க பேர்ல எடுக்கல அத்தை."

"அந்த மட்டுக்கும் மரியாதை இருக்கு."

மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் ஒரேயடியாக மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். பச்சைத் தண்ணீர் பொய்யையும் சேர்த்துச் சொன்னேன். அவர் திரும்பியபோதுதான் தெரிந்தது, அழவில்லை, சிரிக்கிறார். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்திருந்தார்.

"எந்திரிங்க. இந்தப் பக்கம் வாங்க."

நான் ஜன்னலுக்கு மாறினேன். அத்தை நடுவில் உட்கார்ந்து என் மணிக்கட்டிலிருந்து கழன்ற அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"மாப்ளைக்காகப் பொய் சொன்னீங்களா?"

மாமா கண்ணைத் திறக்காமலே, "நானும் குடிக்கத்தான் போனேன். அது பொய் இல்ல" என்றார்.

"போனீங்க. கெடைக்கல இல்ல? இவரு உங்க பங்கையும் குடிச்சுட்டாரு. உங்க வாக்கு தப்பிச்சுது." அத்தை என் பக்கம் திரும்பினார். "ஒரு விதத்துல நல்லதுதான் பண்ணிருக்கீங்க. ஆனா மறுபடி பண்ணாதீங்க."

பணிப்பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, அத்தையே முந்திக்கொண்டு மூன்று பேருக்கும் தண்ணீர் சொன்னார். டெல்லி வரும்வரை மாமாவின் கையை விடவில்லை. கடைசி ஒரு மணி நேரம் அவர் தூங்கியேவிட்டார்.

தண்டனை காசியில் நிறைவேற்றப்பட்டது. விடியற்காலை, பனி, கங்கைத் தண்ணீர் ஊசி மாதிரி. ஒரு கோப்பைக்கு ஒரு முழுக்கு என்று அத்தை படிக்கட்டில் நின்று எண்ணினார். முதல் இரண்டு என் பெயரைச் சொல்லி, அடுத்த இரண்டு மாமாவின் பெயரைச் சொல்லி. பல் கிடுகிடுக்க மேலே ஏறினால், "பொய் சொன்னதுக்கு ரெண்டு பாக்கி" என்று திருப்பி அனுப்பினார். மாமா துண்டை நீட்டியபடி கரையில் நின்று, நான் அதுவரை கேட்டிராத சத்தத்தில் சிரித்தார்.

இதெல்லாம் நடந்து எட்டு வருடம் ஆகிறது. குடும்பமாக எங்கே போனாலும் எல்லாருடைய போர்டிங் பாஸும் இப்போது அத்தையின் கைப்பையில்தான். லவுஞ்சுக்குள் நுழைந்ததும் அந்தக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கவுன்ட்டருக்கு எதிராகவே இடம் பார்த்து உட்காருகிறார்.

எங்கள் மகள் கயல்விழிக்கு இந்தக் கதையை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. போன ஞாயிறு மாமாவின் செம்பவாங் வீட்டில் ஆளுக்கு ஒன்று என்று எடுத்து வைத்த குலோப் ஜாமூனில் ஒன்று குறைந்தது. வாய் நிறைய வைத்துக்கொண்டு, "தாத்தா பேர்ல ஒரு சாப்" என்றாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மாமா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆமா, நான்தான் சாப்பிட்டேன்" என்றார்.